சத்தமில்லை, ஆகவே கசிவில்லை

ஏப்ரல் 21, வெள்ளி

வண்டிக்கு இழுவை போய்விட்டது. ஒண்டிப்புதூர் மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் திணறியது. இரண்டாவதுக்கு இறக்கினேன். அதிலும் பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் ஏறியது. ஒரு மொபெட் எங்களைத் தாண்டிப் போயிற்று. அதில் இரண்டு பேரும் ஒரு மூட்டை வெங்காயமும் இருந்தார்கள். சிக்னலில் நின்றால் எஞ்சின் நடுங்குகிறது. இரண்டு முறை நின்றே போனது.

மில்லில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். எந்த மெஷின் நின்றாலும் தேதி போட்டு, கோளாறு என்ன, சந்தேகம் என்ன, செய்தது என்ன என்று ரிஜிஸ்டரில் எழுதி வைப்போம். அந்தப் பழக்கத்தில் இதற்கும் ஒரு நோட்டுப் போட்டுவிட்டேன்.

சந்தேகம் மூன்று: காற்றுக் கசிவு, பிளக், பெட்ரோல் ஓட்டம். இருபத்தாறு வயதான கார்பரேட்டர் வண்டி இது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில் ஏதாவது ஒரு ரப்பர் குழாயில் ஓட்டை விழுந்தால் வேண்டாத காற்று உள்ளே புகுந்து பெட்ரோல் கலவை நீர்த்துப்போகும். மோரில் தண்ணீர் ஊற்றின கதைதான். அப்படி ஓட்டை இருந்தால் ‘ஸ்ஸ்’ என்று சீறும். பானட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, காதைக் கொடுத்துப் பத்து நிமிஷம் கேட்டேன். சத்தமில்லை. ஆகவே கசிவில்லை. முதல் சந்தேகத்தை அடித்துவிட்டேன்.

நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் பதினெட்டு ஒரே நேரத்தில் ஓடும் ஷெட்டில், எந்த பேரிங் தேய்கிறது என்று நடந்துபோகிற போக்கில் சொன்னவன் இந்த நாச்சிமுத்து. மேனேஜரே ‘காதுக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு கார் என்னை ஏமாற்றிவிடுமா?

ஏப்ரல் 23, ஞாயிறு

காபியை வைத்துவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் துளசிமணி. முப்பத்தெட்டு வருஷத்தில் நான் கற்றது இது: அவள் நாற்காலியை இழுத்துப் போட்டால் விஷயம் பெரியது.

மே பதினாலாம் தேதி கோத்தகிரியில் ஒரு மகளிர் தோட்டக் கழகம் பூந்தொட்டிப் போட்டி நடத்துகிறது. சமவெளிக்காரர்களுக்குத் தனிப் பிரிவாம். காலை பதினொரு மணிக்குள் தொட்டியைக் கொண்டுபோய்ப் பதிந்துவிட வேண்டும். இவள் பதினோரு வருஷமாக வளர்க்கிற அடேனியத்தைக் கொண்டுபோகப் போகிறாள். அடித்தண்டு யானைக்கால் கணக்காகப் பருத்து, மேலே இலை தெரியாமல் பூத்து நிற்கிற செடி. அதற்குக் குண்டம்மா என்று செல்லப் பெயர் வேறு. எனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு செல்லப் பெயர் கிடைத்ததில்லை.

“ஏனுங்க, வண்டி மலையேறுமா, ஏறாதா? ஒரே பேச்சாச் சொல்லுங்க. ஏறாதுன்னா வாடகைக் காருக்குச் சொல்லிக்கறேன். இந்த வண்டிய என்ற தம்பி கேட்டுட்டேதான் இருக்கறான், குடுத்தர்லாம்.”

அவள் தம்பி டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். ஊரில் உள்ளவன் எல்லாம் கிளட்சை மிதித்துப் பழக என் வண்டிதான் கிடைத்ததா?

“ஏறும்” என்றேன்.

வண்டி போய்விட்டால் எனக்கு வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணமும் இல்லை. பேப்பரும் நானும் சாய்வு நாற்காலியும்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. பயந்துவிட்டேன் என்று நினைப்பாள்.

ஏப்ரல் 25, செவ்வாய்

நான்கு பிளக்கையும் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துப் போட்டேன். நுனி எல்லாம் வெளுத்திருந்தது. கலவை நீர்த்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சரி, பெட்ரோல் போதவில்லை என்று முடிவு செய்து ஃபில்டரை மாற்றினேன். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டுகிற ஐடிலிங் ஸ்குரூவையும் ஒன்றரைச் சுற்று ஏற்றினேன்.

நான் பானட்டுக்குள் குனிந்திருந்தபோது துளசிமணி பின்னால் வந்து நின்றாள். நிழல் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். கதவு அடித்துச் சாத்திக்கொண்டதில் தரை அதிர்ந்தது. பாலக்காட்டுக் காற்று இந்த வருஷம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது போல.

பொதுவாகவே இப்போதெல்லாம் அவள் அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அடுப்படியிலிருந்து பேச ஆரம்பித்துவிடுவாள். வயதாகி நிதானம் வந்துவிட்டது. எனக்கும் நிம்மதி.

ஏப்ரல் 26, புதன்

குக்கர் விசில் சரியாக அடிப்பதில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது. “மூணு விசில்ல நிறுத்துங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்?” என்று சட்டியை என் முகத்துக்கு நேரே காட்டிக் கேட்டாள். புது வெயிட் வாங்கிப் போட்டேன். அதுவும் அடிக்கவில்லை. இந்தக் காலத்துச் சாமான் எல்லாம் இப்படித்தான்.

ஏப்ரல் 28, வெள்ளி

சாதிக்கின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஃபோனிலேயே கேட்டிருப்பேன். அவன் ஃபோன் மட்டம், வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரியே இருக்கும். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் மேகலா ஃபோனும் அப்படித்தான். நான் “நல்லாருக்கியா சாமி” என்று கேட்டுவிட்டு அவள் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

சாதிக் இருபது வருஷமாக இந்த வண்டியைத் தெரிந்தவன். நான் செய்ததை எல்லாம் கேட்டுவிட்டுக் கைதுடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“அண்ணா, நீங்க சொல்றதப் பாத்தா எனக்குக் காத்து லீக்குன்னுதான் படுது. வேக்வம் கேஜ் தர்றேன். மாட்டுனா முள்ளு அப்படியே காட்டிக் குடுத்துரும்.”

“சத்தம் இல்லயே, சாதிக்கு.”

“சின்ன லீக்கா இருந்தா கேக்காதுங்ண்ணா.”

“உனக்குக் கேக்காது” என்றேன். “கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு?”

கேஜை வாங்காமல் வந்துவிட்டேன். எஞ்சின் எவ்வளவு பலமாகக் காற்றை உறிஞ்சுகிறது என்று ஒரு முள் சொல்ல, அதை நான் எழுதிக்கொள்ள வேண்டுமாம். ஐம்பது வயதானவன்தான், ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரு மீட்டர் வேண்டும் அவனுக்கு.

ஏப்ரல் 29, சனி

பிளக்கில் பொறி விழும் நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கை, கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். வண்டி நடுங்குவது குறையவில்லை. வேப்ப மரம் பூத்துக் கொட்டுகிறது, குயிலைத்தான் காணோம். இந்த வருஷம் வரவே இல்லை.

மே 1, திங்கள்

மருதமலைக்கு ஏற்றிப் பார்த்தோம். முருகனுக்கும் ஒரு கும்பிடு, வண்டிக்கும் ஒரு பரீட்சை.

பாதி மலையில் முதல் கியருக்கு வந்துவிட்டேன். பின்னால் ஒரு மினி பஸ் வெகு நேரம் பொறுமையாக வந்துகொண்டிருந்தது. ஒரு ஹாரன் கிடையாது. டிரைவர்கள் எல்லாம் எவ்வளவோ திருந்திவிட்டார்கள் என்று துளசிமணியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்த பஸ் எங்களைத் தாண்டும்போது டிரைவர் எதற்காகக் கையை அப்படி ஆட்டினான் என்பதுதான் புரியவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தோம் என்பது வரைக்கும் உண்மை. இறங்கும்போது பிரேக் மிதி கட்டையாக இருந்தது. பலமாக மிதிக்க வேண்டியிருந்தது. முழங்காலுக்கு நல்ல பயிற்சி. துளசிமணி டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தேன், உதடு அசைந்துகொண்டே இருந்தது. மலையடிவாரம் வரை நிற்கவில்லை. வேண்டுதலாக இருக்கும்.

மே 2, செவ்வாய்

துளசிமணி பேசவில்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை.

மே 5, வெள்ளி

டைமிங்கை இன்னும் தள்ளினேன். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். கலவை ஸ்குரூவையும் திருகினேன். இப்போது வண்டி கறுப்புப் புகை விடுகிறது, அதோடு கேட்டைத் தாண்டுவதற்குள் மூன்று முறை நிற்கிறது. முன்பு ஒரு முறைதான் நின்றது. முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

மே 6, சனி

வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டாளாம். மே பதினாலு காலை ஆறு மணிக்கு வாசலுக்கு வரும். அவள் தம்பியும் அடுத்த வாரம் வந்து வண்டியை எடுத்துப் போவானாம். இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நேருக்கு நேர் சொன்னாள். நான் இன்னொரு தோசை கேட்டேன். வேறென்ன கேட்பது?

மே 7, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

கொடுப்பதற்கு முன் வண்டியைத் துடைத்து வைக்கலாம் என்று காலையில் வெளியே எடுத்தேன். கோளாறான வண்டியைக் கொடுத்தாலும் அழுக்கான வண்டியைக் கொடுக்கக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டுப் பானட்டைத் திறந்து நின்றேன். கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே என்றும் ஒரு ஆசை. துளசிமணி குண்டம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், குவளையைப் போட்டுவிட்டு நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

“ஏனுங்க, இத்தன பண்ணுனீங்களே, இந்தச் சீறலை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்கறீங்க?”

“எந்தச் சீறல்?”

அவள் முகம் சிவந்துவிட்டது. “வெளையாடாதீங்க. மூணு வாரமா பாம்பாட்டம் சீறீட்டுக் கெடக்குது. அன்னிக்கே உங்க முதுகுக்குப் பின்னால நின்னு மூணு தடவ சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல நீங்க.”

நான் எஞ்சினைப் பார்த்தேன். எஞ்சின் ஓடுவது கேட்டது. சீறல் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சூடு பட்டுவிடாமல் என் கையை மெதுவாக உள்ளே கொண்டுபோய், எஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் வைத்தாள். மேலிருந்து பார்த்தால் தெரியாத இடம்.

விரலை இழுத்தது. குழந்தை பால் குடிக்கிற மாதிரி, விரல் நுனியைப் பிடித்து உள்ளே இழுத்தது. கட்டை விரலால் அந்த இடத்தை அழுத்தி மூடினேன். எஞ்சினின் ஆட்டம் மாறியது. அது கேட்கவில்லை, மட்காட்டில் வைத்திருந்த இடது உள்ளங்கைக்குத் தெரிந்தது. விரலை எடுத்தேன், மாறியது. வைத்தேன், மாறியது. ஐந்தாறு தடவை செய்திருப்பேன். பிரேக் கட்டையானதும் இதனால்தான். அந்தக் குழாயின் காற்றிழுப்பில்தான் பிரேக் இலகுவாகப் பிடிக்கும். மருதமலையில் அந்தக் கோளாறோடு அவளை உட்காரவைத்து இறக்கியிருக்கிறேன்.

நிமிர்ந்தபோது துளசிமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் போய்விட்டிருந்தது. வேறு ஏதோ வந்திருந்தது.

“உங்களுக்கு நெசமாவே இது கேக்கலீங்களா?”

மில்லில் ஒருமுறைகூடப் பொய் ரிப்போர்ட் எழுதியதில்லை நான்.

“இல்ல” என்றேன்.

மே 8, திங்கள்

சாதிக் வந்து குழாயை மாற்றினான். கேஜை மாட்டினான். முள் நடுங்காமல் நின்றது. அது ஒரு மீட்டர்தான், ஆனாலும் அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிறகு நான் திருகிய ஒவ்வொன்றையும் திருகுவதற்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவர அவனுக்கு முக்கால் நாள் ஆனது.

“கோபிச்சுக்காதீங்ண்ணா” என்றான். “வண்டி பண்ணுன கோளாறு ஒண்ணு. அதுக்கு நீங்க பண்ணுன வைத்தியம் நாலு. வண்டி நல்லதுங்காட்டி தாங்குச்சு.”

துளசிமணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தோள் குலுங்கியதை வைத்துச் சிரிக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தம்பியிடமும் சொல்லிவிட்டாள்.

மே 10, புதன்

காது டாக்டர். ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பாதி நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன்.

டாக்டரம்மா ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். கனத்த சத்தங்கள் எல்லாம் ஓரளவு கேட்கிறதாம். கீச்சுச் சத்தம், விசில், சீறல், குயில், பெண்கள் குரலில் பாதி எல்லாம் கோடு சரிந்து கீழே விழுகிற பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு காதுமே அப்படித்தான், இடது இன்னும் மோசம்.

“என்ன வேலைங்க பாத்தீங்க?”

“ஸ்பின்னிங் மில்லுங்க.”

“அப்ப உதட்டப் பாத்தே பேசிப் பழக்கமா இருக்கும். அதனாலதான் இத்தன நாள் உங்களுக்கே தெரியல.”

உண்மைதான். ஷெட்டுக்குள் யாரும் காதால் கேட்பதில்லை. முகத்தைப் பார்ப்போம், புரிந்துவிடும். அதையே வீட்டிலும் செய்துகொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். எதிரில் நின்று சொன்னது எல்லாம் கேட்டது. அடுப்படியிலிருந்தும் முதுகுக்குப் பின்னாலிருந்தும், காரில் என் இடது பக்கத்திலிருந்தும் சொன்னது எதுவும் வந்து சேரவில்லை. காதில் மாட்டிக்கொள்கிற மெஷின் இரண்டு வாரத்தில் வரும் என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் துளசிமணி என் பக்கம் முழுசாகத் திரும்பிக்கொண்டாள். இப்போதே பழகிவிட்டாள்.

“ரெண்டு வருசமா நான் பேசறத நீங்க மதிக்கறதில்லீன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. நாயும் பேயுமாட்டம் நானே பேசீட்டு, நானே கேட்டுட்டு. கடசீல போச்சாதுன்னு விட்டுட்டேன்.”

நான் அதற்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தேன். இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். எனக்கும் நிம்மதி என்றுகூட எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். ரிஜிஸ்டரில் பக்கம் கிழிக்கக் கூடாது. இருக்கட்டும்.

எனக்கு அழுகை வந்தது. காதுக்குள் மருந்து விட்டார்கள், அதனால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று அவளிடம் சொன்னேன். மருந்து எதுவும் விடவில்லை என்பது அவளுக்கும் தெரியும், அவளும் கூடத்தான் இருந்தாள்.

மே 14, ஞாயிறு

அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். குண்டம்மாவைப் பின் சீட்டில் வைத்து, கிளை முறியாமல் என் வேட்டி இரண்டைச் சுற்றி, சீட் பெல்ட்டும் போட்டோம். மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கு மலை ஏற ஆரம்பித்தோம்.

வண்டியைப் பற்றி முதலில் எழுதுகிறேன், அதற்குத்தானே இந்த நோட்டு. மூன்றாவது கியரில் குலுங்காமல் இழுத்தது. ஒரு லாரியையும் முந்தினேன். பிரேக் பஞ்சு மாதிரி. ஒரு மணி நேரத்தில் கோத்தகிரி போயிருக்கலாம்.

முதல் வளைவு தாண்டியதும் துளசிமணியின் உதடு அசைவதைப் பார்த்தேன். வேண்டுதல் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ரோட்டைப் பார்த்து ஓட்டினால் அவள் முகம் தெரியாது, அவள் முகத்தைப் பார்த்தால் பள்ளத்தாக்கில் போய் நிற்போம். ஓரமாக இடம் கிடைத்த வளைவில் நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

“என்ன சொன்ன?”

“ஒண்ணுமில்லீங்க, அந்த மரம் பூத்திருக்கறது அழகா இருக்குதுன்னேன்.”

மரத்தைப் பார்த்தோம். கிளம்பினோம். இரண்டு வளைவு தாண்டி மறுபடியும் நிறுத்தினேன். போன வருஷம் அவளுக்கு இடுப்பு வலி வந்து தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கதையைச் சொன்னாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாளாம். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேனாம். அடுத்த நிறுத்தத்தில் மேகலா வேலையை விட்டுவிடலாம் என்றிருப்பதையும், அப்பா இதற்கெல்லாம் பதிலே சொல்வதில்லை என்று அழுததையும் சொன்னாள். அதற்கடுத்ததில் என் சட்டைக் காலரைத் திருப்பித் தைக்கச் சொல்லி நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில், ஒன்றரை வருஷம் கழித்து எனக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பதிலை இங்கே எழுத முடியாது.

எத்தனை இடத்தில் நின்றோம் என்று எண்ணவில்லை. எங்களைத் தாண்டிப் போனவர்களில் இரண்டு பேர் இறங்கி வந்து, தண்ணீர் வேண்டுமா, எஞ்சின் சூடாகிவிட்டதா என்று விசாரித்தார்கள். நல்ல ஜனங்கள்.

கோத்தகிரி மைதானத்தில் தொட்டியை இறக்கும்போது மணி பதினொன்றே முக்கால். மேஜையில் இருந்த அம்மா நோட்டை மூடி வைத்திருந்தார். குண்டம்மாவைப் பார்த்ததும் அவருக்கே மனசு கேட்கவில்லை. சுற்றி வந்து அடித்தண்டைத் தொட்டுப் பார்த்தார்.

“அடடா, என்னங்க இப்படி லேட்டா வந்திருக்கீங்க? பதிவு முடிஞ்சுதே. வண்டி ஏதாச்சும் மக்கர் பண்ணிருச்சுங்களா?”

பதினோரு வருஷச் செடி. அவள் என்னைக் கைகாட்டியிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.

“ஆமாங்க, பழைய வண்டிங்க” என்றாள் துளசிமணி. “வழி நெடுக நின்னு நின்னுதான் வந்துச்சு.”

ஒரு பாவமும் அறியாத வண்டி, மைதானத்து ஓரத்தில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. போட்டிக்கு வெளியே, வாசலில் பார்வைக்கு வைக்கிறோம் என்று குண்டம்மாவை வாங்கிக்கொண்டார்கள். மாலை வரைக்கும் உள்ளே முதல் பரிசு வாங்கிய செடியைவிட வாசலில்தான் கூட்டம். துளசிமணி அங்கேயே நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் எரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது வெளிச்சம் இருந்தது. பாதி மலையில் ஒரு வளைவில் நிறுத்தி அவள் பக்கம் திரும்பினேன்.

“ஏனுங்க நிறுத்துனீங்க?”

“என்னமோ சொன்னியே?”

“நான் ஒண்ணும் சொல்லலீங்களே.”

“சரி” என்று சாவியைத் திருகப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, சொல்ல ஆரம்பித்தாள்.